அடியில் போன பார்சல்

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவே என் கணவர் இன்னும் படிக்காத புத்தகங்கள் அடுக்கியிருக்கும். அந்த அடுக்குக்கு ஒரு சட்டம் உண்டு. புதிதாக வருவது அடியில் போக வேண்டும். மேலே இருப்பதைத்தான் எடுத்துப் படிக்க வேண்டும். எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கியதானாலும் வரிசை தாண்டக் கூடாது. மனிதர் ரேஷன் கடையில்கூட அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

ஒன்றை முடிப்பதற்குள் அடியில் நான்கு சேர்ந்துவிடும். "இருக்கறதப் படிச்சுட்டு வாங்கினா ஆகாதா?" என்பேன். தூசி தட்டுகிறவள் நான்தானே. "படிக்க ஏதாவது பாக்கி இருந்தாதான் காலைல எழுந்துக்கத் தோணுது" என்பார். வாரப் பத்திரிகையைத் தாண்டாத எனக்கு அது சமாளிப்பாகத்தான் பட்டது.

போன ஆடியில் அவருக்கு உடம்பு படுத்தியது. அடையாறு ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "மருந்து கேட்குதாம், கொஞ்ச நாளாகுமாம்" என்றேன். தலையாட்டினார். அதன்பின் திட்டிக்கொண்டிருந்த நானே, "அத்தனையும் யார் படிக்கறது, சீக்கிரம் எழுந்திருங்க" என்று சொல்லத் தொடங்கினேன். "படிச்சுடலாம்" என்பார். ஐப்பசியில் போய்விட்டார். பயமில்லாமல் போனார் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அடுக்கை ஊரூர் ஒல்காட் குப்பத்துப் படிப்பகத்துக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். பொங்கல் முடிந்த வாரம் கூரியர் வந்தது. "சார் பேருக்கா?" என்றேன். "இல்ல மேடம், உங்க பேருக்கு." தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். அச்சாகுமுன்பே பணம் கட்டி வைக்கும் முன்பதிவில் வந்தது. இந்த வீட்டுக்கு என் பேரில் புத்தகம் வந்ததே இல்லை. பதிப்பகத்துக்குப் போன் செய்தேன்.

"ஆடி மாசம் சார்தான் கட்டினாரு மேடம். பொங்கலுக்குத்தான் வரும்னு சொன்னோம். 'அப்ப எங்க வீட்டம்மா பேருக்கே போட்டுடுங்க'ன்னாரு."

கோபம்தான் முதலில் வந்தது. தெரிந்தேதான் அத்தனை நாளும் எனக்குத் தலையாட்டினாரா? ஒரே அறையில் அவர் பயத்தை அவர் மறைத்தார், என் பயத்தை நான் மறைத்தேன். ஒரு நாளாவது சேர்ந்து அழுதிருக்கலாம். அன்று தனியாகத்தான் அழுதேன்.

பிறகு முழு அடுக்கையும் கட்டிலுக்கு மாற்றினேன். என் புத்தகத்தைத் தரையில் வைத்து, மற்றதையெல்லாம் பழைய வரிசையிலேயே மேலே அடுக்கினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. படிப்பகத்துக்குப் போன் செய்து, இப்போதைக்கு வர வேண்டாம் என்றேன்.

மேலே இருந்ததை எடுத்தேன். பாதியில் ஒரு ரயில் டிக்கெட் செருகியிருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். என் வேகத்துக்கு என் புத்தகத்துக்கு வந்து சேர வருடக்கணக்காகும். வரிசை தாண்ட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.