சொந்தக்காரர் இல்லாத கடல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு விடுமுறை என்றாலே சொந்தக்காரர் வீடுதான். ஒரு வருடம் பாரிஸில் மாமா வீடு, அடுத்த வருடம் ஜெர்மனியில் பெரியம்மாவின் மகள் வீடு. ஈபிள் கோபுரத்தை அரை மணித்தியாலம் பார்ப்போம். மீதி நாளெல்லாம் சமையலறையில் வெங்காயம் வெட்டுவோம். இதற்குப் பேசாமல் ஷிப்டுக்கே போயிருக்கலாம் என்று கணவரிடம் எரிந்து விழுவேன்.

ஆகவே, லண்டனில் நாங்கள் இருந்த ரெய்னர்ஸ் லேனில் ஒரு பயண முகவரின் கடைக் கண்ணாடியில் அந்தப் படத்தைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கிரேக்கத் தீவுகளுக்கு நடுவே, முழுக்க மரத்தாலான ஒரு பழைய பாய்மரப் படகு. பழுப்பு நிறப் பாய்கள், எண்ணெய் பூசி மினுங்கும் தளம். ஓட்டுகிற ஆளோடு சேர்த்து இரண்டு கிழமைக்கு, பதினான்கு நாளுக்கும், அப்படியே வாடகைக்கு எடுக்கலாமாம். நடுக்கடலில் எந்தச் சித்தப்பா வீடு இருக்கப்போகிறது? அன்றே பதிவு செய்தோம்.

அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. வழுக்காத சப்பாத்து வாங்கினேன். வரைபடத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டி, தீவுகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில்கூட எனக்குக் கடல்காற்று அடித்தது.

எல்லாவற்றையும் கெடுத்தது என் வாய்தான். வெம்பிளியில் ஒரு பிறந்தநாள் விழாவில், பெருமை தாங்காமல் என் அக்காவிடம் படகைப் பற்றி அளந்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பயணம் போவதைச் சொன்னால், "நீங்களும் வாங்கோவன்" என்று கூப்பிட வேண்டும்; மற்றவர், "பிறகொருக்காப் பாப்பம்" என்று மறுக்க வேண்டும். நான் என் பங்கைச் சரியாகச் சொன்னேன். அக்கா, "ஓம், நானும் அத்தானும் வாறம்" என்றாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை நானே திட்டினேன். "சொல்லிப்போட்டாய், இனி என்ன செய்யிறது?" என்றார் கணவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை, வருவது வரட்டும் என்று அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத இடத்துக்கு ஒருக்காப் போகவேணும் எண்டுதான் படகு எடுத்தனான்."

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தாள். முன்னறையில் ஊரிலிருந்து புதிதாக வந்த யாரோ இருவர் பெட்டிகளோடு இருந்தார்கள்.

"நானும் அதுக்குத்தான் ஓம் எண்டனான்," என்றாள். "பத்து வருசமா இந்த வீட்டில நானும் அத்தானும் தனிய இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கேல்லையடி."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. லண்டனுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து ஒன்றரை வருடம் அதே முன்னறைச் சோபாவில் படுத்தவள் நான். ஒரு நாளாவது அக்கா முகம் சுளித்ததில்லை. நானும் ஒரு நாளாவது அவளுக்குக் கஷ்டமா என்று கேட்டதில்லை.

திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போய், இரண்டாவது கிழமையை அக்கா, அத்தான் பெயருக்கு மாற்றினேன். பிறகு அவளுக்குப் போன் எடுத்தேன்.

"நாங்கள் இறங்கினாப் பிறகுதான் நீங்கள் ஏறவேணும். உங்கட வீட்டு ஆக்களுக்கு அந்தக் கிழமை நான் வந்து சமைக்கிறன். படகில நீங்கள் ரெண்டு பேர் மட்டும்தான்."

அக்கா போனை வைக்காமலே, "இஞ்சருங்கோ, இஞ்ச ஓடி வாங்கோ!" என்று சின்னப் பெண்ணைப்போல அத்தானைக் கூப்பிட்டாள்.