கேட்டுக்கொண்டிருந்தவர்கள்

நானும் ஸ்டெல்லன் ரீட்மார்க்கும் ஸ்வீடனின் உமேயோ நகரில் பிணவறை ஊழியர்கள். குளிப்பாட்டுவது, உடுத்துவது, உறவினர் பார்க்க வரும்போது முகம் மட்டும் தெரியப் போர்த்திவைப்பது எங்கள் வேலை. நாற்பது தாண்டிய பிறகு அவன் புரோகிராமிங் படிக்கத் தொடங்கினான். ஏன் என்று கேட்டேன்.

“பஸ்ல யாராவது தூங்கினா எனக்குப் பொணமாத் தெரியுது. நேத்து என் பொண்டாட்டி சோபாவுல கண்ணசந்துட்டா. மூக்குகிட்ட கைய வச்சுப் பாத்தேன்.”

“புரோகிராம் எழுதினா சரியாயிடுமா?”

“அதுல முகம் கெடையாது.”

படிப்பு இணையத்தில். அங்கே ஒரு வழக்கம் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதியது ஓடாவிட்டால் மேசைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு, வரி வரியாக அதற்கு வாய்விட்டு விளக்க வேண்டும். விளக்கும்போதே தப்பு அகப்பட்டுவிடும். அந்தத் தொழிலில் பலரும் செய்வதுதானாம். ஸ்டெல்லன் வாத்து வாங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மடிக்கணினியோடு, உடல்கள் வைக்கும் குளிர் அறைக்குள் போய்விடுவான்.

ஒருநாள் கதவைத் திறந்தேன். கம்பளிச் சட்டையோடு, முந்தின நாள் வந்த ஆல்ம்க்விஸ்ட் அம்மாவின் உடலருகே உட்கார்ந்திருந்தான்.

“பாருங்கம்மா, பட்டியல் இங்கயே முடிஞ்சிடுது. இது தெரியாம அடுத்த பேரத் தேடிட்டுப் போவுது.”

“அடப்பாவி. ஆல்ம்க்விஸ்ட் அம்மா என்ன சொல்றாங்க?”

“குறுக்க பேச மாட்டாங்க. உன்ன மாதிரி இல்ல.”

சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த அறைக்குத் தனியாகப் போகும்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டே நுழைந்தேன்.

பனி உருகும் சமயத்தில் ஒரு சின்ன நிறுவனம் அவனை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அனுப்பிய விண்ணப்பங்களில் பதில் வந்தது இது ஒன்றுக்குத்தான். கைவிட்டுப்போனால் மறுபடி பிணவறை. இல்வா என்ற பெண் பழுதான ஒரு புரோகிராமைத் திரையில் காட்டி, யோசிப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னாள். தொடங்கினான். அவள் தலையாட்டினாள். “ஏன் அப்படி?” என்றாள். அவன் நின்றுவிட்டான். மறுபடி தொடங்கினான். அவள் கண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. வார்த்தை வரவில்லை.

“தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேணாம். தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் கண்ண மூடிக்கிறீங்களா?”

சிரித்துக்கொண்டே மூடினாள். பிறகு சிரிப்பும் அடங்கியது.

அவன் குரல் திரும்பிவந்தது. மெதுவாக, வரி வரியாகச் சொன்னான். தப்பு அகப்பட்டது. திருத்தினான், புரோகிராம் ஓடியது. முடிந்துவிட்டது என்று அவளிடம் சொல்லவேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. அவள் நெற்றியில் ஒரு முடி விழுந்திருந்தது. ஒதுக்கிவிட அவன் கை நீண்டது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

இதை எங்கள் காப்பி அறையில் சொன்னான். வேலை கிடைத்துவிட்டது. வேலையை விட்டுப் போகிற ஆள்தான் கேக் வாங்க வேண்டும், அது இங்கே வழக்கம். வாங்கி வந்திருந்தான், வெட்டவில்லை.

“கத்திக்கிட்டே நாற்காலியோட பின்னால போயிட்டேன்டா. நேர்காணல் பதற்றம்னு நெனச்சிட்டா. ‘முடிஞ்சிடுச்சு, பயப்படாதீங்க’ன்னு கையப் புடிச்சா. கை சூடா இருந்துச்சு.”

“அப்புறம் என்ன?”

“திங்கட்கிழமையிலேருந்து எனக்கு எதிர் மேசை அவளோடது.”