பன்னிரண்டு பத்து

கோட்டுச்சேரியில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வாடகை நாற்காலி என்றால் பங்கஜவல்லி அக்காதான். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு நாற்காலி விடுகிறாரே என்று ஊர் கேலி பேசும். "படிச்ச கணக்கும் உக்கார எடம் வேணும்ல?" என்று அவரே முந்திக்கொண்டு சிரிப்பார். ஆனால் வேலை என்று வந்தால் வேனுக்கு முன்னால் அவருடைய அதட்டல் வந்து இறங்கும். எனக்கு அவரைக் கண்டாலே பயம். என் கல்யாணத்தன்று அந்தப் பயம் போயிற்று.

விபத்துக்குப் பிறகு அப்பாவுக்குச் சக்கர நாற்காலிதான். கல்யாணத்துக்குக் கோயில் படிகளில் அவரை நாலு பேர் தூக்கிப்போனார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வரவேற்பிலாவது தானே தள்ளிக்கொண்டு என்னை மேடைவரை கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கும் வேறு ஆசையே இல்லை.

மண்டபத்தில் பத்து வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு நாற்காலிகள். நடுவில் விட்டிருந்த வழியில் ஓர் ஆள்தான் நடக்கலாம். அப்பாவின் சக்கர நாற்காலி வாசலிலேயே நின்றுவிட்டது.

"இருவது நாற்காலிய எடுத்துரலாம்" என்றார் சித்தப்பா இஞ்ஞாசி. உடனே அவரே தலையை ஆட்டினார். "வேணாம், வந்தவங்கள நிக்க வச்சா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அண்ணே, தூக்கிருவமா?"

"வேணாம்டா. நான் வாசல்லயே இருந்துக்குறேன்" என்றார் அப்பா.

அப்போதுதான் அந்த அதட்டல் கேட்டது.

"ஒரு நாற்காலியும் வெளிய போவாது, யாரையும் தூக்கவும் வேணாம்! ஒவ்வொரு வரிசையிலயும் நடுவழி ஓரத்துல, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு எடுங்க. எடுத்த இருவதையும் பின்னாடி ரெண்டு வரிசையாப் போடுங்க. பத்துப் பன்னெண்டும் நூத்தியிருவதுதான், பன்னெண்டு பத்தும் நூத்தியிருவதுதான். என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

மாப்பிள்ளையையும் விடவில்லை. பிரவின் கோட்டைக் கழற்றிவிட்டு, கையில் இரண்டு நாற்காலிகளோடு பின்சுவருக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் நடுவழி அகலமாகிவிட்டது. ஒருவரும் நிற்கவில்லை.

நன்றி சொல்லப் போனால் அக்கா, "போம்மா, மேடைக்குப் போ" என்று விரட்டினார். நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்பாவின் இரண்டு கைகளும் சக்கரத்தில் இருந்தன. அதனால் என் கையைப் பிடிக்க முடியவில்லை. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அவர் என்னைக் கூட்டிப்போனாரா, நான் அவரைக் கூட்டிப்போனேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பங்கஜவல்லி அக்காவைக் கேளுங்கள். எப்படி மாற்றிப் போட்டாலும் விடை ஒன்றுதான் என்பார்.