தூணுக்கு ஏன் வாய்க்கால்?

சுவாமியார் வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார். கோயில், பள்ளிக்கூடம், சுவாமியார் வீடு, கிணறு, எல்லாம் சரி. ஆனால் கோயிலுக்குள்ளே வாசலிலிருந்து பீடம் வரை இரண்டு நீள அஸ்திவாரக் கோடு. என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

ஜெர்மன்காரன் சண்டை முடிந்து சில வருஷம். ரப்பர் விலை விழுந்துபோய், மலாயாவில் கோப்பெங் சாலையோரத் தோட்டத்தில் ஒரு மூலையை வெட்டி எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குக் கொடுத்திருந்தார்கள். நான் கொத்துமேஸ்திரி. எனக்குத் தெரிந்த வேலையில் தூணுக்குத் தனித்தனிக் குழி. வாய்க்கால் போல நீளமாகத் தோண்டினால் அது சுவருக்குத்தான்.

ஊரில் எங்கள் கோயிலுக்குள் அப்படி ஒரு சுவர் உண்டு. அந்தப் பக்கம் பெரிய சாதிக்காரர், இந்தப் பக்கம் நாங்கள். என் அப்பா சாகும்வரை பீடத்தைப் பார்த்ததில்லை; மணிச்சத்தம் கேட்டு முழந்தாளிடுவார். கடல் தாண்டி வந்தும் அதே சுவரா? அதுவும் என் கையாலா? அந்தக் கோயிலில்தான் என் மகள் லூர்து முதல் நற்கருணை, புதுநன்மை வாங்கப்போகிறாள்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஞாயிறுதோறும் பூசை முடிந்து சுவாமியாரோடு தனியாக நின்று பேசுவார். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரிய சாதிக்காரர். சந்தேகம் அவர்மேல் விழுந்தது.

என்னோடு வேலை செய்த மச்சான் சின்னப்பன், “சாமியக் கேட்டுருலா மச்சான்” என்றான்.

“கேட்டா இல்லைம்பாரு. அப்புறம் கட்டுவாரு.”

படத்தில் ஆழம் நாலரை அடி. அந்த இரண்டு கோட்டில் மட்டும் மூன்றடியோடு நிறுத்தினேன். கட்டினாலும் அந்தச் சுவர் நிற்கக்கூடாது.

ஒருநாள் கிராணி வந்து குடைக்கம்பால் குத்திப் பார்த்தார். “என்ன மேஸ்திரி, ஆழம் பத்தாது போலருக்கே?”

“உங்களுக்கு ஏன் ஐயா அந்தக் கவலை? மேல என்ன வருதுன்னு தெரியுமோ?”

“எனக்கென்ன தெரியும், படம் போட்டது சாமிலா” என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. மறுநாளே சல்லியும் சிமிட்டியும் போட்டு மூடினேன்.

பத்து நாள் கழித்து மாட்டுவண்டியில் பத்து மரத்தூண்கள் வந்தன. சுவாமியார் கூரைப் படத்தை அன்றுதான் காட்டினார். வரிசைக்கு ஐந்து தூண். கூரை மொத்தமும் அவற்றின்மேல். ரப்பர் வேர் மக்கிய மண்ணில் தனிக்குழித் தூண் ஒவ்வொன்றாக இறங்கிவிடும் என்று, ஒரே பட்டையாக அஸ்திவாரம் போடச் சொல்லியிருக்கிறார்.

சின்னப்பன் என் முகத்தைப் பார்த்தான். “செவுரு இல்லடா மச்சான். கூர. விழுந்தா நம்ம தலைமேலதான்.”

சனிக்கிழமை அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் பாவசங்கீர்த்தனம். வரிசையில் நிற்கும்போதே மனசுக்குள் ஒரு தந்திரம். அங்கே சொன்னால் சுவாமியார் வெளியே வாய் திறக்க முடியாது. பாவமும் போகும், வேலையும் போகாது. முழந்தாளிட்டேன்.

“சாமி, வேலையில ஒரு தப்பு…”

அப்போதுதான் உறைத்தது. எல்லாம் தெரிந்தும் ஒன்றும் சொல்ல முடியாமல், அவர் அந்தக் கூரைக்குக் கீழேதான் பூசை வைக்கவேண்டும். கீழே லூர்து இருப்பாள்.

“இதை இங்க சொல்லலை சாமி. வெளிய வாங்க.”

அஸ்திவாரத்துப் பக்கத்தில் நின்று சொன்னேன். சுவாமியார் பிரெஞ்சுக்காரர், புத்தகத் தமிழ்தான் பேசுவார்.

“எவ்வளவு குறைத்தாய்?”

“ஒன்றரை அடி.”

“ஏன்?”

ஊர்ச் சுவரைப் பற்றிச் சொன்னேன். அங்கி ஓரம் சேற்றில் புரளக் குனிந்து, மூடிய சிமிட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“கிராணி சுவர் கேட்டது உண்மை. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மாட்டேன் என்றேன். நீ ஒரு முறையாவது என்னைக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டா பொய் சொல்வீங்கன்னு நினைச்சேன் சாமி.”

“அதை உள்ளே வந்து பாவசங்கீர்த்தனத்தில் சொல். இதைத் திங்கட்கிழமை உடை.”

உடைத்தோம். நாலரை அடி தோண்டினோம். அவரே கம்பு வைத்து அளந்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: படத்தில் புரியாத கோடு இருந்தால் போட்டவரிடமே கேளுங்கள். செய்த தப்பை, திருத்த முடிகிற இடத்தில் சொல்லுங்கள்.

லூர்து அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்துபோய்ப் புதுநன்மை வாங்கினாள். பீடம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தூணுக்குத் தூண் ஒன்பது அடி இடைவெளி. ஆள் தாராளமாகக் கடக்கலாம். பூசைக்குப் போகும்போதெல்லாம் இன்னும் பார்க்கிறேன், யார் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கடக்கிறார்கள் என்று.