மீன் குழம்புச் சிபாரிசு

கரையான்சாவடியைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். பின்னால் செங்கல் சூளையின் புகை இன்னும் தெரிந்தது. அந்த வாரம் என்னை வேண்டாமென்று அனுப்பிய மூன்றாவது இடம் அது. சிறுவயதில் கரும்பு ஆலையில் என் இடது கை மணிக்கட்டோடு போயிற்று. வலி எப்போதோ தீர்ந்துவிட்டது; வேலை கேட்கும் இடத்திலெல்லாம் எதிராளியின் கண் நேராக அங்கே போய் நிற்பதுதான் தீரவில்லை. பட்டாபிராமில் பட்டாளத்துக் கிடங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். யுத்த காலம். அங்கும் இல்லையென்றால் கோயில் வாசலில் துண்டை விரிக்க வேண்டியதுதான். எனக்கு அப்போது இருபது வயது.

கிடங்குக்கு எதிரே ஓலைக் கொட்டகையில் சோறு விற்ற அக்காவை அன்று மாலைதான் முதன்முதலாகப் பார்த்தேன். கால் விளங்காத ஒருவனைக் கிடங்கு வாசலில் மூட்டை எண்ண வைத்ததும், வாய் பேசாத ஒரு பெண்ணைக் கூடாரம் தைக்கச் சேர்த்ததும் அவர்தான். அவரிடம் இருந்த செல்வாக்கு மீன் குழம்பு ஒன்றுதான். மேஸ்திரிகளுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது.

"இன்னா நைனா, எய்த்து தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"அஞ்சாவது வரிக்கும் படிச்சேன்க்கா. இங்கிலீசு எய்த்தும் தெரியும்."

அவர் முகம் மலர்ந்தது. காரணம் சிறிது நேரத்தில் மேஸ்திரி உருவில் வந்தது. கையில் எழுத்து வெட்டிய தகரத் தகடு. அதைப் பெட்டியின்மேல் வைத்து மை தடவினால் எழுத்து விழும். அவருடைய ஆட்கள் யாருக்கும் படிக்கத் தெரியாததால் ஒரு லாரி நிறைய இருந்த பெட்டிகளில் எல்லாம் எழுத்து தலைகீழாக விழுந்திருந்தது. வெள்ளைக்காரத் துரை காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தாராம்.

"இவனைச் சேத்துக்கோ" என்றார் அக்கா.

"ஒத்தக் கையில மை தடவுவான். தகட்ட யாரு புடிக்கிறது? உங்கொயம்பா புடிக்கும்?"

அக்கா குழம்புச் சட்டியை மூடினார். நான் தகட்டை வாங்கி, அங்கே உட்காரப் போட்டிருந்த காலிப் பெட்டியின்மேல் நேராக வைத்து, காலால் அழுத்திக்கொண்டு, அடுப்புக் கரியைத் தேய்த்தேன். எழுத்து பளிச்சென்று விழுந்தது; 'பூட்ஸ்' என்று வாய்விட்டுப் படித்தேன். மேஸ்திரியோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அய்யய்யோ, எய்த்து மேல காலை வெக்கிறானே! சரசுவதிம்மா!"

"பொட்டிக்குள்ள இன்னா சரசுவதியா குந்திகினு கீறா? பூட்சுதானே கீது! நாளைக்கு சோல்ஜருங்க அதுக்குள்ள காலை வுடத்தானே போறாங்க?" என்றார் அக்கா.

கொட்டகையே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்து, "காலீல வரச்சொல்லு" என்றார். பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை கேட்டிருக்கிறேன். அவ்வளவு சிரிப்போடு எங்கும் வேலை கிடைத்ததில்லை.

மறுநாள் காலை, வலது கையில் தூரிகை, காலடியில் தகடு. துரை வந்து என் முதல் பெட்டியின் முன் நின்றார், பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

வேலிக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல் வந்தது: "கத்தாம போறான்டா! அடுத்த பொட்டிய இஸ்து போடு!"