மூன்றாவது வெள்ளிக்கிழமை

லண்டனில் லூயிஷாம் சந்தையில் ஒரு கடைக்காரர் ஒலிவ் எண்ணெயில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். அந்த மணம் பட்டதும் எனக்குப் பதினாறு வயதாகிவிட்டது. ஸ்பெயினின் சலமங்கா நகரில், பிலார் அன்ரியின் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்பானிய மொழி படிக்க ஒரு மாதம் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். அவர் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவேன். இப்படியே ஊமையாக லண்டன் திரும்பிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறி என்று அம்மா முன்கூட்டியே எழுதியிருந்தார். "வெள்ளியிலே இறைச்சி கூடாதெண்டு எனக்குத் தெரியாதே?" என்றார் பிலார் அன்ரி, கழுத்துச் சிலுவையைத் தொட்டபடி. அவர்களுக்கு மீன் இறைச்சியில் சேராது; பெருமையோடு மீன் பொரித்து வைத்தார். இரண்டு வெள்ளி பாண் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு அரைப்பட்டினி கிடந்தேன்.

மூன்றாவது வெள்ளி, தட்டில் தலையோடு முழு மீன். எழுந்து நின்றேன்.

"மீனும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். இது உங்கட வெள்ளி இல்லை, என்ர வெள்ளி!"

அத்தனையும் ஸ்பானிய மொழியில். அன்ரி திகைத்துப்போனார். பிறகு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து தெருவுக்கே கேட்கக் கத்தினார்: "பிள்ளை கதைக்குது!"

அன்று எனக்குக் கத்தரிக்காய் பொரியல்.

"முட்டை போடவா?" சந்தைக் கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். அதுவரை போனில் ஸ்பானிய மொழியில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தவர்.

இன்றும் வெள்ளி.

"வேண்டாம்," என்றேன் அவருடைய மொழியிலேயே, சந்தைக்கே கேட்க.