சிவந்த இடக்காது

அவர் மருதனார்மடத்தில் கணினி திருத்துகிறவர். இடக்காது எப்போதும் சிவந்திருக்கும். அவருடைய கணினியில் ஒவ்வொரு ஹார்ட் டிஸ்குக்கும் தனிச் சுவிட்ச் உண்டு. ஒரு டிஸ்கை நிறுத்தப்போவதைக் கணினிக்கு முதலில் அறிவிப்பார். பிறகு டிஸ்கில் காதை வைத்து, சுழற்சி அடங்கியபின்பே சுவிட்சைத் தட்டுவார்.

கடலுக்குப் போய்த் திரும்பாத என் தம்பியின் படங்களை, பழுதான என் டிஸ்கிலிருந்து அவர் பிரதி எடுக்கும்போது கறண்ட் போனது. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.

“உங்கடை டிஸ்க் நிண்டால் திரும்ப எழும்பாது, தங்கச்சி. பக்கத்திலை ஓடுற மற்ற ஆக்களின்ரை ரெண்டு டிஸ்கையும் நிப்பாட்டினால் பற்றரி கொஞ்சம் தாங்கும்.”

“கெதியா நிப்பாட்டுங்கோ அண்ணை!”

“டக்கெண்டு நிப்பாட்டினால் உதுகள் பழுதாப்போம். உதுகளுக்குள்ளையும் ஆரின்ரையோ பிள்ளையள் இருக்கினம்.”

அந்த இரண்டில் முதல் டிஸ்கில் காதை வைத்துக் கண்ணை மூடினார். யூபிஎஸ்ஸின் கத்தல் வேகமெடுத்தது. அதன் சுவிட்சைத் தட்ட என் கை எழுந்தது. ஏன் தட்டவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியாது.